வீடு விற்பவருக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் 1991-இல் தஞ்சாவூரில் மனை வாங்கிக் கட்டிய வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மகன் என்னோடு இருக்கிறான். மகள் திருமணமாகிச் சிங்கப்பூரில் குடியிருக்கிறாள். 48 லட்சம் ரூபாய்க்கு விலை பேசியாகிவிட்டது. நான் அணுகிய வழக்கறிஞர், விலையில் ஒன்றரை விழுக்காடு கட்டணம் கேட்கிறார். தரகரோ, "வாங்குறவங்க வக்கீலே எல்லாத்தையும் பார்த்துக்குவார், நீங்க வந்து கையெழுத்துப் போட்டா போதும்மா" என்கிறார். குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் நான் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தரகர் சொல்வதை ஏற்காதீர்கள். வாங்குபவரின் வழக்கறிஞர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தம் கட்சிக்காரரின் பணத்தைக் காப்பதே அவருடைய கடமை. அவர் தயாரிக்கும் கிரயப் பத்திரத்தில், "பிற்காலத்தில் எவ்வித வில்லங்கம் ஏற்பட்டாலும் எழுதிக்கொடுப்பவரே தம் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்க வேண்டியது" என்ற வாசகம் அநேகமாக இருக்கும். நீங்களோ உங்கள் கணவரோ ஏற்படுத்திய வில்லங்கத்துக்கு மட்டும் பொறுப்பேற்பது வேறு, யார் எங்கிருந்து வந்து என்ன உரிமை கோரினாலும் ஆயுள் முழுதும் பொறுப்பேற்பது வேறு. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருந்தாக வேண்டும்.

மேலும், உங்களுடையது ஒருவர் கையெழுத்தில் முடியும் விற்பனை அன்று. உங்கள் குடும்பம் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டு சொல்கிறேன். உயில் எழுதாமல் காலமானவரின் சுய சம்பாத்தியச் சொத்து மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். அவர் காலமானபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே பங்குதாரர் அனைவரும் கிரயத்தில் சேர வேண்டும். மகள் நேரில் வர இயலாவிட்டால், தம் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட இந்த ஒரு விற்பனைக்கு மட்டும் அதிகாரம் தரும் சிறப்பு அதிகார ஆவணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வரியையும் கவனியுங்கள். உள்நாட்டில் வசிப்பவர் விற்கும்போது, விலையும் முத்திரைத் தீர்வைக்கான அரசு மதிப்பும் 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வாங்குபவர் வரி பிடிப்பதில்லை. மகள் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்பட்டால் அந்த வரம்பு அவருடைய பங்குக்குப் பொருந்தாது. உள்நாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்புக்கு மேல் பிடிக்கும் ஒரு விழுக்காட்டைவிட மிகக் கூடுதலான விகிதத்தில் வரி பிடித்தாக வேண்டும். குறைவாகப் பிடிக்க அனுமதிக்கும் சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம்.

கட்டணத்துக்கு வருகிறேன். 48 லட்சத்தில் ஒன்றரை விழுக்காடு என்பது 72,000 ரூபாய். வீட்டின் விலை கூடுவதால் வழக்கறிஞர் படிக்க வேண்டிய பத்திரங்களின் பக்கங்கள் கூடுவதில்லை. எனவே விழுக்காட்டுக் கணக்குக்கு உடன்படாமல், வேலையைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பேசுங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றி நீங்களே பார்க்கலாம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிப்பது, பட்டாவில் பெயர் மாற்றுவது, சொத்து வரி ரசீதுகளைத் திரட்டுவது ஆகியவற்றை உங்கள் மகன் செய்துவிடலாம். தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரையுள்ள ஆவணங்களைப் படித்துக் குறை சொல்வது, கிரய ஒப்பந்தத்தை எழுதுவது, இறுதிப் பத்திரத்தின் வரைவைக் கையெழுத்துக்கு முன் திருத்துவது ஆகிய மூன்றை மட்டும் வழக்கறிஞரிடம் கொடுத்தால் போதும். பத்திரத்தை உரிமம் பெற்ற ஆவண எழுத்தரே எழுதட்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் போலவே அந்தச் செலவும் வழக்கமாக வாங்குபவரைச் சேரும். ஆனால் ஆவண எழுத்தர் படிவம் அறிந்தவரே தவிர, உங்களுக்காக வாதாடும் பொறுப்புள்ளவர் அல்லர்.

இம்மூன்றிலும் கிரய ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் பணமே மிகவும் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள், வாங்குபவர் தவறினால் முன்பணம் என்னவாகும், சாவியை எப்போது ஒப்படைப்பது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். "முழுக் கிரயத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி உள்ள பத்திரத்தில், வங்கி வரைவோலை கைக்கு வருமுன் கையெழுத்திடாதீர்கள். வரைவோலையின் எண்ணும் தேதியும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்கு ஈடான அபராதத்துக்கு நீங்களே ஆளாக நேரிடும்.

நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே விளம்பரத்தை நம்பாமல், உங்கள் சார் பதிவாளர் எல்லைக்குள் அண்மையில் வீடு விற்ற இரண்டு, மூன்று பேரிடம் விசாரியுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு நடத்துபவராக இருப்பது நல்லது. முதல் சந்திப்பிலேயே, "சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பங்குக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அதிகார ஆவணத்தையும் வரியையும் தாமாகவே எடுத்துச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். "அதெல்லாம் பதிவு நாளில் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம். பேசிய கட்டணத்தையும், தட்டச்சு, நகல், பயணம் போன்ற செலவுகள் அதில் அடங்குமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சட்ட ஆலோசனையும் அதில் அடங்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள் பலருக்கு இந்த உரிமை தெரியாமலே போய்விடுகிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

கேள்வி: விற்பனைக்காகச் சரிபார்க்கக் கொடுத்த மூலப் பத்திரத்தை, பேசியதற்கு மேல் கட்டணம் கொடுத்தால்தான் தருவேன் என்று என் வழக்கறிஞர் வைத்திருக்கிறார். இது முறையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முறையன்று. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி உண்மையானால் அவர் அதற்குத் தனியே வழக்குத் தொடரலாம். ஆவணத்தைக் கேட்டு சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தராவிட்டால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்து வழியாகப் புகார் கொடுங்கள். மற்ற வாசகர்கள் சரிபார்ப்புக்கு நகலை மட்டும் கொடுத்து, மூலத்தை நேரில் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வருவது நல்லது. விட்டு வரத்தான் வேண்டுமென்றால் ஆவண எண்ணும் ஆண்டும் குறித்த ரசீதை அவர் கையெழுத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள்.