நிஷாகந்தி: கேட்டதும் சொன்னதும்

பதினைந்து வருடமாக, இரவில் பூக்கும் கள்ளிச் செடியான நிஷாகந்தி வளர்க்கிறேன், அதில் முதல் ஐந்து வருடம் தப்பாகத்தான் வளர்த்தேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

அக்கா, தோழி கொடுத்த துண்டு நன்றாக வளர்ந்துவிட்டது. இது நிஷாகந்தியா, டிராகன் பழச் செடியா?

தண்டை விரலால் தடவிப் பாருங்கள். மூன்று பட்டையாக, ஓரத்தில் குட்டி முட்களோடு இருந்தால் டிராகன் பழம். நிஷாகந்தியின் தண்டு இலை மாதிரித் தட்டை, நடுவில் ஒரு நரம்பு ஓடும், ஓரம் அலை அலையாக வளைந்திருக்கும், முள் குத்தாது. ஆனால் ஒன்று, நிஷாகந்தியின் அடித்தண்டு உருண்டையாக, கட்டை மாதிரி இருக்கும். புதிதாகக் கிளம்பும் நீளக் கொம்பும் முதலில் சாட்டை போல உருண்டையாகப் போய் மேலேதான் தட்டையாகும். அதைப் பார்த்துவிட்டு வேறு செடி என்று முடிவு கட்ட வேண்டாம். பூவை வைத்துப் பிரிப்பது சிரமம், இரண்டும் இரவில் பூக்கும் பெரிய வெள்ளைப் பூக்கள்தான்.

இதுதானே பிரம்ம கமலம்?

பலரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், ஆனால் இல்லை. பிரம்ம கமலம் என்பது இமயமலையின் உயரத்தில் வளரும் சாசூரியா ஒப்வல்லாட்டா, சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, உத்தராகண்டின் மாநில மலர். நம்முடையது எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம், மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளி.

இலையை நட்டால் வருமா?

வரும், ஆனால் அது இலை இல்லை, தண்டு. பேரிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது, எபிஃபில்லம் என்றால் கிரேக்கத்தில் ‘இலையின் மேல்’ என்று அர்த்தம். அரையடித் துண்டு வெட்டி, வெட்டிய முனை காய்ந்து தோல் கட்டும் வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு, அப்புறம் நடுங்கள். வெட்டிய அன்றே நட்டுத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், நான் நட்டிருக்கிறேன்.

நான்கு வருடமாகச் செழிப்பாக இருக்கிறது, ஒரு மொட்டு கூட இல்லை. உரம் போதவில்லையா?

செழிப்புதான் பிரச்சினையாக இருக்கலாம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமான உரம் போட்டால் பச்சை பச்சையாகத் தண்டு விடும், பூவை மறந்துவிடும். உரத்தைக் குறையுங்கள், போட்டால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடிய உரமாகப் பாருங்கள். அடுத்து வெளிச்சம். இது காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடி என்பதால் வெயில் ஆகாது என்று எல்லோரும் வீட்டு மூலையில் வைத்துவிடுகிறோம், அங்கேயும் பூக்காது. காலை இளவெயில் படட்டும், உச்சிவெயில் வேண்டாம். தண்டு வெளுத்து மஞ்சளானால் வெயில் அதிகம், மெலிந்து நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் குறைவு. தொட்டியும் பெரிதாக இருக்கக் கூடாது, வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் இதற்குப் பூக்கத் தோன்றும். முக்கியமாக, அசிங்கமாகத் தொங்குகிறது என்று முதிர்ந்த தட்டைத் தண்டுகளை வெட்டாதீர்கள். மொட்டு வருவது அவற்றின் ஓரப் பள்ளங்களில்தான்.

மண் கலவை?

தண்ணீர் நிற்காததாக இருந்தால் போதும். தென்னை நார்க்கழிவு, மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் குருணை), கொஞ்சம் மட்கிய உரம். வெறும் தோட்டத்து மண் இறுகிவிடும்.

அண்ணா சொல்லித்தான் வாங்கினேன், இப்போது ஆறு மொட்டில் ஐந்து உதிர்ந்துவிட்டது!

அந்த அண்ணாவைத் திட்ட வேண்டாம். மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றினீர்களா? படம் எடுக்க வசதியாக ஒருமுறை நான் தொட்டியைத் திருப்பி வைத்தேன், அந்த வாரமே பாதி மொட்டு கீழே. மண் ஒரேயடியாகக் காய்ந்தாலும், சொதசொதவென்று இருந்தாலும் உதிரும். செடி தாங்காத அளவுக்கு மொட்டு விட்டால் சிலவற்றைத் தானே கழித்துவிடும், அது இயல்பு.

எந்த இரவு பூக்கும் என்று எப்படித் தெரியும்? இரண்டு முறை தூங்கிவிட்டேன்.

தொங்கும் மொட்டு கொக்கி மாதிரி வளைந்து முகத்தை மேலே தூக்கும். பிறகு பருத்து, வெளியே இருக்கும் இளஞ்சிவப்பு இதழ்கள் தளர்ந்து விலகுகிற அன்று மாலை தயாராகுங்கள். இருட்டியதும் திறக்கத் தொடங்கி நள்ளிரவு வாக்கில் முழுதாக விரியும், விடியும்போது துவண்டிருக்கும். பூவின் வாசனை நமக்காக இல்லை, இரவில் பறக்கும் ‘ஹாக்மாத்’ என்ற அந்துப்பூச்சிக்காக.

என் செடியில் சிவப்புப் பூ, பகலிலும் இருக்கிறதே?

அப்படியானால் கலப்பினம், எபிகாக்டஸ் என்பார்கள். வளர்ப்பு முறை ஏறக்குறைய இதேதான்.

தண்டில் வெள்ளைப் பஞ்சு.

மாவுப்பூச்சி. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், வாரம் ஒருமுறை, அடங்கும் வரை.

இரண்டு செடி வைத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவியும் காய் பிடிக்கவில்லையே?

இரண்டாவது செடி முதல் செடியிலிருந்து வெட்டி நட்டதா? அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதான். தன் மகரந்தத்தில் இது பொதுவாகக் காய்க்காது. வேறு வம்சத்துச் செடி ஒன்று அதே இரவில் பூக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும்.