எட்டு நகரம் வேண்டாம், ஐந்து போதும்: ஐரோப்பாவில் 21 இரவுக்கான கணக்கு

கேள்வி: வயது 26, கோவையில் வேலை. செப்டம்பரில் 21 இரவுகள் தனியாக ஐரோப்பா சுற்ற நினைக்கிறேன். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ரோம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். விமான டிக்கெட், விசா செலவு போக 1,600 யூரோ கையில் இருக்கும். யூரெயில் பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட் எடுக்கலாமா? விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களிலும் ஏற உதவும் யூரெயில் பாஸ் பற்றி அப்புறம் பார்ப்போம். உங்கள் பணத்தை முதலில் தின்னப்போவது படுக்கைதான். 1,600-ஐ 21-ஆல் வகுத்தால் நாளுக்கு 76 யூரோ. செப்டம்பரில் பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பலர் சேர்ந்து தூங்கும் ஹாஸ்டல் டார்மில் ஒரு படுக்கைக்கே 45 முதல் 60 யூரோ ஆகிவிடும். வெள்ளி, சனி என்றால் இன்னும் கூடும். வெனிஸ், ரோமும் மலிவான ஊர்கள் இல்லை. அதே படுக்கை புடாபெஸ்டிலும் போலந்தின் கிராக்கோவிலும் 20 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். பிராகில் 25, பெர்லினிலும் வியன்னாவிலும் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நகரம் என்றால் ஏழு முறை மூட்டை கட்ட வேண்டும். ஹாஸ்டலைக் காலை 10, 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் படுக்கை பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு பகல் போய்விடும்.

அதனால் எங்கள் யோசனை: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், இத்தாலி மூன்றையும் இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, கிராக்கோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்லின் 4 இரவு, பிராக் 4, கிராக்கோ 4, புடாபெஸ்ட் 6, வியன்னா 3. மேலே சொன்ன விலையில் படுக்கைக்கு 545 யூரோ. ஊர் விட்டு ஊர் போக 120 ஒதுக்கினாலும் மிச்சம் 935. சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் நாளுக்கு 44 யூரோ. இந்த ஊர்களில் இது தாராளமாகவே போதும். விமானத்தை பெர்லினில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்பும்படி ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள். புறப்பட்ட ஊருக்கே திரும்பி ஓடும் ஒரு நாளும் அந்த ரயில் காசும் மிச்சமாகும்.

இந்த வழிக்கு யூரெயில் பாஸ் வேண்டாம். மொத்தம் நான்கே பயணங்கள். பெர்லின்–பிராக் நான்கேகால் மணி நேரம், பிராக்–கிராக்கோ 7 மணியை ஒட்டி, கிராக்கோ–புடாபெஸ்ட் பஸ்ஸில் ஏறக்குறைய 7 மணி, புடாபெஸ்ட்–வியன்னா 2 மணி 40 நிமிடம். முன்கூட்டி எடுத்தால் ஒவ்வொன்றும் 20 முதல் 35 யூரோவுக்குள் அடங்கும். 27 வயது வரை யூரெயிலில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டுதான். ஆனாலும் நான்கு பயண நாட்களுக்கான பாஸின் விலை இந்த நான்கு டிக்கெட்டையும் தாண்டிவிடும். உங்கள் பழைய பட்டியலில் இன்னொரு சிக்கலும் இருந்தது: பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் தனியாகக் காசு கட்டி இருக்கை பதிய வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளும் குறைவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று திட்டமில்லாமல் தினம் ஒரு ரயில் ஏறுகிறவர்களுக்குத்தான் பாஸ் லாபம்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரே ரயிலை இரண்டு நாட்டுத் தளங்களிலும் பாருங்கள். பெர்லின்–பிராக் ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வேயை விடச் செக் ரயில்வே பல நாட்களில் குறைவாக விற்கும். புடாபெஸ்ட்–வியன்னாவுக்கு ஹங்கேரி ரயில்வேயான மாவ், ஆஸ்திரிய ரயில்வேயான ஓபிபி இரண்டையும் ஒப்பிடுங்கள். பிராக்–கிராக்கோவுக்கு ரெஜியோஜெட் எனும் தனியார் நிறுவனத்தையும் பாருங்கள். பெர்லினிலிருந்து பிராக் போகும்போது இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். டிரெஸ்டனைத் தாண்டியதும் எல்பே ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். புடாபெஸ்டில் கெலெதி, நியுகாதி, டேலி, கெலென்ஃபோல்ட் என்று நான்கு பெரிய நிலையங்கள் உண்டு. பாஸ்போர்ட்டை பஸ்ஸின் அடியில் போடும் பையில் வைக்காதீர்கள். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள்ளேயே என்றாலும் ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்தத் தொடங்கியது. மற்ற நாடுகளிலும் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

இனி விசா. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; இந்தத் திட்டத்தில் அது புடாபெஸ்ட் இருக்கும் ஹங்கேரி. நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். புடாபெஸ்டுக்கு 6 இரவு போட்டதற்கு மலிவு மட்டும் காரணமில்லை. பிராகுக்கும் புடாபெஸ்டுக்கும் ஐந்தைந்து என்று வைத்தால், எந்த நாடு பிரதானம் என்ற கேள்வி எழும். விண்ணப்பத்தை வாங்க மறுக்கவும் இடம் கொடுத்ததாகும். ஒரு நாடு தெளிவாக முன்னே நிற்கட்டும். ஹங்கேரி கொடுத்த விசாவோடு பெர்லினில் இறங்கலாம், தப்பில்லை. ஆனால் தங்குமிடப் பதிவுகளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். குடிவரவு அதிகாரி கேட்கலாம்.

கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, மறுத்தாலும் திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். நீங்கள் மே கடைசி, ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் விசா கைக்கு வந்த பிறகும் ரயில் டிக்கெட் மலிவாக இருக்கும். பணம் திரும்பாத மலிவு டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்கவே வாங்காதீர்கள். ஹாஸ்டலையும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் பதியுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும் செல்ல வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் யாரிடமோ வாங்கிப் போட்ட இரண்டு லட்சத்தை விட, மாதாமாதம் சம்பளம் ஏறி இறங்கும் கணக்குக்குத்தான் மதிப்பு.

விசா ஸ்டிக்கரில் தேதிகள் ஒரு வரியிலும், தங்கலாகும் நாட்களின் எண்ணிக்கை இன்னொரு வரியிலும் இருக்கும். பலரும் தேதியை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 21 இரவு என்றால் 22 நாள். திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டி என்றால் 23. கணக்கு தப்பினால் இப்போது மறைக்கவும் முடியாது. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய நுழைவு-வெளியேற்ற முறை உங்கள் நாட்களைக் கணினியில் எண்ணுகிறது. எட்டியாஸ் அனுமதி என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவருக்கானது.

ஐந்தில் மூன்று நாடுகளில் யூரோ இல்லை: செக் கொருனா, போலந்து ஸ்வோட்டி, ஹங்கேரி ஃபோரின்ட். யூரோ மட்டும் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை அங்கே தேய்த்தால் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் விழும். மாற்றுக் கட்டணம் இல்லாத டெபிட் அல்லது கிரெடிட் கார்டு ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கடை எந்திரமோ ஏடிஎம்மோ ‘ரூபாயில் எடுக்கட்டுமா, உள்ளூர் நாணயத்திலா’ என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம்தான். சுற்றுலாத் தெருக்களில் மளிகைக் கடை வாசலில் நிற்கும் தனியார் ஏடிஎம்களை விட்டுவிட்டு வங்கிச் சுவரில் இருப்பதைத் தேடுங்கள். பிராகில் நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் திரும்பிப் போங்கள். 1,000 யூரோ வரையான மாற்றத்தை ரத்து செய்ய அங்கே சட்டம் இடம் தருகிறது.

சாப்பாட்டில் மதியத்தைப் பெரிதாக்கி இரவைச் சிறிதாக்குங்கள். பிராகில் ‘பொலெட்னி மெனு’, புடாபெஸ்டில் ‘நபி மெனு’ என்று வார நாட்களில் மதியம் மட்டும் மலிவு விலையில் போடுவார்கள். கிராக்கோவில் ‘பார் ம்லெச்னி’ எனும் பழைய சிற்றுண்டிச்சாலைகள் உண்டு. சைவர் என்றால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த ருஸ்கியே பியெரோகியைக் கேளுங்கள். மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிறன்று பெர்லினிலும் வியன்னாவிலும் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்குங்கள், மறந்தால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் கதி. வியன்னாவில் குழாய்த் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து வருகிறது. பாட்டில் வாங்கினால் 25 சென்ட் வைப்புத்தொகையும் சேரும். காலி பாட்டிலைக் கடை எந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

உள்ளூர் டிக்கெட்டில்தான் புதியவர்கள் அபராதம் கட்டுகிறார்கள். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, பிராகிலும் பெர்லினிலும் அதை எந்திரத்தில் முத்திரையிட வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாததற்குச் சமம். பெர்லினில் உள்ளூர் டிக்கெட் ஏ, பி, சி என்ற மண்டலங்களின்படி விற்கப்படும்; விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, ஏபி டிக்கெட் அங்கே செல்லாது, ஏபிசி எடுங்கள். கடைசி நாள் வியன்னா விமான நிலையத்துக்குப் ‘கேட்’ (CAT) எனும் பச்சை நிற விமான நிலைய ரயிலில் ஏறாதீர்கள். எஸ்7 ரயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்து, அதன் பாதிக்கும் குறைந்த காசில் அங்கேயே இறக்கிவிடும்.