விடியும் முன் தீரும் பேட்டரி

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க ராஸ்பெர்ரி பை 4 (லினக்ஸில் ஓடும் சிறு கணினி போர்டு) வைத்திருக்கிறேனுங்க. சோலார், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்க 7805 ஐசி. விடிவதற்குள் அணைந்துவிடுகிறது. லினக்ஸில் எதை மாற்றுவது?

பதில்: லினக்ஸைத் தொடும் முன் அந்த 7805-ஐக் கழற்றுங்கள். 12 வோல்ட்டை 5 ஆக்க, மீதி 7 வோல்ட்டையும் அது வெறும் சூடாக்கிவிடுகிறது. உங்கள் போர்டு சும்மா இருக்கும்போதே சுமார் 3 வாட் எடுக்கும். பேட்டரியிலிருந்து போவதோ 7 வாட்டுக்கு மேல். இருப்பதே 84 வாட்-மணிதான், 12 மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குப் பதில் பக் கன்வெர்ட்டர் (அதிகம் சூடாக்காமல் வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்) போட்டாலே இந்த இழப்பு பெரும்பாலும் போய்விடும்.

சரி, அப்புறம் மென்பொருள். தென்னை வேரடி ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது, அரை மணிக்கு ஒரு அளவு தாராளம். இடையில் சஸ்பெண்ட் செய்ய, அதாவது உறக்கநிலையில் வைக்க, பை 4-இல் வழியில்லை. ஆர்டிசி (தனியாக ஓடும் கடிகாரச் சிப்) டைமர் வைத்து மின்சாரத்தையே துண்டியுங்கள். ஷட்டவுன் முடிந்த பிறகு மட்டும், இல்லாவிட்டால் எஸ்டி கார்டு கெடும். ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் விழித்தால் நாளுக்கு 1.6 மணி நேரம்தான். லினக்ஸில் பிராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் ‘கவர்னர்’ அமைப்பை, வேகத்தைக் குறைத்து வைக்கும் பவர்சேவில் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை மெதுவாகி விழித்திருக்கும் நேரம்தான் நீளும்.

தினமும் அடிவரை காலியான பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருக்கும், அதையும் சோதித்துவிடுங்கள்.