உறைகுளிர் சிகிச்சைக்குப் பத்தாண்டுகள் கழித்து: புராஸ்டேட் புற்றுநோய் கேள்வி பதில்

கேள்வி: புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுநோயை உறையவைத்து அழித்தால், அதன் பலன் பத்தாண்டுகள் கழிந்தும் நிலைக்குமா?

பதில்: நோயின் அபாயப் பிரிவைப் பொறுத்தது. சுரப்பி முழுவதும் உறையவைக்கப்பட்ட 370 பேரைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வில், பத்தாண்டு முடிவில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் புரதம்) கட்டுக்குள் இருந்தவர்கள் குறைந்த அபாயப் பிரிவில் ஏறத்தாழ 81 விழுக்காடு, நடுப்பிரிவில் 74, உயர் பிரிவில் 46. ஆனால் 'கட்டுக்குள்' என்பதற்கு அந்த ஆய்வு கொண்ட பொருள், பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் உயராதிருத்தல் என்பதாகும். அது கதிர்வீச்சு பெற்றவர்களுக்கென வகுக்கப்பட்ட அளவுகோல். ஒரு விழுக்காட்டை நம்புவதற்கு முன் அதன் வரையறையைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு பி.எஸ்.ஏ. 0.4 என்று வந்திருக்கிறது. குணமாகிவிட்டேனா?

பதில்: ஒரே பரிசோதனையை வைத்துச் சொல்ல இயலாது. அடுத்தடுத்த அளவுகள் எத்திசையில் செல்கின்றன என்பதே முக்கியம்.

கேள்வி: கதிர்வீச்சைவிட இது மேலானதா?

பதில்: கனடாவில் 244 பேரை இரு பிரிவாகப் பிரித்து நடத்தப்பட்ட ஒப்பீட்டில், மூன்றாண்டு முடிவில் நோய் முற்றுவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் புற்று எஞ்சியிருந்தது உறைகுளிர் பிரிவில் 7.7 விழுக்காட்டினருக்கும் கதிர்வீச்சுப் பிரிவில் 28.9 விழுக்காட்டினருக்கும்தான். ஆயினும் கட்டி பெருத்தவர்களையும் சுரப்பியின் எல்லையைத் தாண்டிப் பரவியவர்களையும் சேர்த்த, 64 பேர் மட்டுமே கொண்ட மற்றோர் ஆய்வில், எட்டாண்டு முடிவில் பி.எஸ்.ஏ. உயராதிருந்தவர்கள் உறைகுளிரில் 17 விழுக்காடு, கதிர்வீச்சில் 59. யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் வெற்றி இருக்கிறது.

கேள்வி: பயாப்சி சுத்தமாக இருந்தால் போதாதா? வரையறை வரையறை என்று ஏன் வலியுறுத்துகிறீர்கள்?

பதில்: சிறுநீர்ப்பாதை உறைந்துவிடாமலிருக்க அதனுள் வெதுவெதுப்பான நீர் ஓடும் குழாயைச் செருகியே உறையவைக்கிறார்கள். அதனால் பாதையை ஒட்டிய திசு சிறிது உயிரோடு எஞ்சி, பி.எஸ்.ஏ.யைச் சுரந்துகொண்டே இருக்கலாம். சுரப்பியையே அகற்றிய அறுவையைப் போல அளவு பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என எதிர்பார்த்தால் வீண் அச்சம் வரும். 2 நானோகிராம் வரை பொறுத்தால் எஞ்சிய புற்று கண்ணில் படாமல் போகலாம். பயாப்சியும் ஊசி பட்ட இடங்களை மட்டுமே காட்டும்.

கேள்வி: பி.எஸ்.ஏ.யும் வேண்டாம், பயாப்சியும் வேண்டாம். உயிர் பிழைத்தவர் எத்தனை பேர் என்பதுதானே கணக்கு?

பதில்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023-இல் 15 ஆண்டு முடிவை வெளியிட்ட பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில், அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் 3 விழுக்காடு அளவிலேயே இருந்தனர். உறைகுளிர் அதில் சேர்க்கப்படவில்லை. இறப்பு இவ்வளவு அரிதாயிருக்க, உயிர்க்கணக்கில் ஒரு சிகிச்சையின் மேன்மையை நிறுவ மிகப் பலரை மிக நீண்ட காலம் தொடர வேண்டும், அதனால்தான் பி.எஸ்.ஏ.யை நாடுகிறோம், அதனால்தான் அதன் வரையறையில் இத்தனை கண்டிப்புக் காட்டுகிறேன்.

கேள்வி: எனக்கு 0.6. பயப்பட வேண்டுமா?

பதில்: 0.4 என்றவருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி: ஆண்மை பாதிக்கப்படுமா?

பதில்: சுரப்பி முழுவதையும் உறையவைத்தால் பெரும்பாலும் பாதிக்கப்படும். பனிக்கட்டி சுரப்பியின் ஓரத்தைத் தாண்டி நரம்புகளையும் தொடுவதே காரணம். கட்டியுள்ள பகுதியை மட்டும் உறையவைத்தால் பாதிப்பு குறைவு. அதற்கான நெடுங்கால ஆதாரமும் குறைவு.

கேள்வி: கதிர்வீச்சுக்குப் பின் மீண்டும் வந்த நோய்க்கு இதைச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் சிறுநீர்க் கசிவும், மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பாதைக்கும் இடையே துளை விழும் அபாயமும் முதன்முறை சிகிச்சையைவிட அதிகம். சிறுநீரில் காற்றோ மலமோ வந்தால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.