பனியில் நடந்தே பழகாத டர்பன் நண்பர்களுக்குக் குளிர்கால ஆட்டத்தை எப்படி நடத்துவது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டில் ஐந்து பேருக்குக் கதையை நடத்தும் கேம் மாஸ்டராக இருக்கிறீர்கள், குளிரை அவர்கள் உணர வேண்டும் என்கிறீர்கள். சரி, வர்ணனையைக் குறையுங்கள், விதியைக் கையில் எடுங்கள்.

இந்த வகை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் அதற்குக் கீழும் கதைநேரத்தில் மணிக்கொரு முறை, பாத்திரத்தின் உடல் தாங்குமா என்று பகடை உருட்ட வேண்டும். உருட்டிய எண்ணும் பாத்திரத்தின் உடல்வலுப் புள்ளியும் சேர்ந்த கூட்டுத்தொகை 10க்குக் குறைந்தால் ஒரு படி களைப்பு. ஆறாவது படியில் சாவு. சாப்பிட்டு நீண்ட ஓய்வு எடுத்தாலும் ஒரு படிதான் இறங்கும். ஆனால் குளிர் உடுப்பு போட்டவர் உருட்டாமலே தப்பிவிடுவார். முதல் ஊரிலேயே எல்லோரும் கம்பளி வாங்கிவிட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். அதனால் உடுப்பைக் குறிவையுங்கள். ஆற்றின் மேல் உறைந்த பனி உடைந்து இரண்டு பேர் நனையட்டும், மாற்று உடுப்பு ஒன்றே இருக்கட்டும். யாருக்கு அது என்ற பேச்சை அவசரப்படுத்தாதீர்கள். என் அனுபவத்தில் எந்த அரக்கனையும்விட அந்தப் பேச்சுதான் மனதில் நிற்கும்.

அப்புறம், 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலை பனியில் அடைபட்டு, மக்கள் வண்டியிலேயே இரவைக் கழித்தார்களே, அதையே ஒரு வணிகக் கூட்டத்துக்கு நடத்திக் காட்டுங்கள்: பாதை மூடிவிட்டது, விறகு ஒரு ராத்திரிக்குத்தான், பக்கத்து வண்டியில் குழந்தை அழுகிறது.