நர்சம்மா வைத்த மை

வணக்கம் அக்கா,
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணி எப்போதும் தடுப்பூசிக்கு எதிராகவே போடுகிறார். நடிகர் விவேக் இறந்தது கொரோனா ஊசியால்தான் என்று இன்னும் பகிர்கிறார். அவர் குழந்தைக்கு 9 மாதம் முடிந்தும் தட்டம்மை ஊசி போடவில்லை. நான் மீம் போட்டேன், சண்டையாகிவிட்டது. இந்த முட்டாள்களோடு பேசி என்ன பயன்? குழுவைவிட்டு விலகிவிடவா?
ர., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

விலகுவது உங்கள் விருப்பம். விவேக் விஷயத்தில், மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு விசாரித்துச் சொல்லிவிட்டது. அதை விடுங்கள்.

'முட்டாள்' என்றீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. 2017 பிப்ரவரியில் நானும் அண்ணியின் இடத்தில்தான் இருந்தேன். 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்ட மாதம். பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பயந்தவர்கள் அவ்வளவு பேர். பிப்ரவரியோடு முடியவேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. நான் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. விவரம் கேட்டபோது, "எல்லாரும் போட்டுக்கிறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார் ஆசிரியை. அதுவரை பயமாக இருந்தது, அப்புறம் பிடிவாதமாகிவிட்டது.

பத்து நாள் கழித்து நர்சம்மா வீட்டுக்கே வந்தார். ஐஸ் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "என்ன பயம், சொல்லுங்க" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார்: போட்ட இடம் வலிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் லேசாகக் காய்ச்சல் வரலாம், உடம்பில் தடிப்பு வரலாம். ஊசியைப் பார்த்த பயத்திலேயே சில பிள்ளைகள் மயங்குவார்கள், படுக்கவைத்தால் தெளிந்துவிடும். "அரை மணி நேரம் இங்கேயே இருக்கேன்."

ரூபெல்லா என்றால் என்ன என்று கேட்டேன். "பிள்ளைக்கு வந்தா பெரிசா ஒண்ணுமில்ல. அது மாசமா இருக்கிறவளுக்கு ஒட்டிக்கிட்டா, பிறக்கிற குழந்தைக்குக் கண்ணுல புரை விழலாம், காது கேக்காமப் போகலாம், இதயத்துல ஓட்டை இருக்கலாம்." தங்கை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு இரண்டாம் மாதம்.

மகளுக்கு ஊசி போட்டு, அதற்கு அடையாளமாக இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்துவிட்டுத்தான் நர்சம்மா எழுந்தார்.

காய்ச்சல் வரலாம், பயத்தில் மயக்கம் வரலாம் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த வதந்தி என் வீட்டுக்குள் நுழைந்திருக்காது தம்பி. அண்ணிக்கு என்ன பயம் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? மீம் போட நேரம் இருந்ததே! தட்டம்மை காற்றில் பரவும். 100 பேரில் 95 பேர் போட்டிருந்தால்தான் அடங்கும். அந்தக் குழந்தை இன்று பாதுகாப்பே இல்லாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அண்ணி பேசுவதைக் கேளுங்கள். துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி போடுவார்கள். நீங்களும் கூடப் போங்கள், குழந்தையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா