நாம் கிறிஸ்தவர் என்பதற்காக, நம்மை ஏமாற்றியவர்களிடமும் இரக்கம் காட்டத்தான் வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களிடமும் யாரோ காசு வாங்கிவிட்டு நாமம் போட்டிருக்கிறார்கள், அதுவும் தெரிந்தவர்கள்தான். நான் போதகரும் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவளும் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறேன், அவ்வளவுதான். வசனம் தப்பு என்று திருத்த வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் புளோக்கில் பதினோராவது மாடியில் இருக்கிற ஒரு அக்கா கூட்டு பிடித்தார், அதாவது சீட்டு. பத்துப் பேர், மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்). மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று கடைசி முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டினேன். பத்தாவது மாதம், முதலில் எடுத்தவர்கள் கட்டவில்லை, நான் எங்கே போவேன் என்று கையை விரித்துவிட்டார். 2,700 வெள்ளி போச்சு. இது 2019-இல். அதற்குப் பிறகு மின்தூக்கியில் அவர் இருந்தால் நான் ஏற மாட்டேன்.

2021 ஜூலையில் கொரோனாவுக்காக முழு நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தது நினைவிருக்கும். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக்கொடி கட்டினார்களே, அப்போது ஒரு நாள் காலையில் குப்பை கொட்டக் கீழே இறங்கினேன். அண்ணாந்து பார்த்தால் அந்த அக்கா வீட்டுக் கம்பியில் ஒரு தலையணை உறை தொங்குகிறது. துணி காயப்போட்ட மாதிரி இல்லை, நாலு மூலையும் கட்டியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், எழுதிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் மகள்தான், "அம்மா, அது மேல் வீட்டு ஆண்டிதானே?" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், அவருக்கும் அப்போது பாதிச் சம்பளம்தான். "கொடு, ஆனா கையில காசு மட்டும் கொடுக்காதே" என்றார்.

ஐந்து கிலோ அரிசி, ஒரு தட்டு முட்டை, நாலு சார்டின் டின். மின்தூக்கி வழக்கம்போல வேலை செய்யவில்லை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தேதி தவறாமல் கேட்டு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், நாலாவது மாடிக் கிழவி டயாலிசிஸுக்குப் போய்விட்டுப் படியேறி வருவது எவன் கண்ணுக்கும் படவில்லை. கேட்டால் உதிரிபாகம் வரவேண்டுமாம். சரி, அதை விடுங்கள்.

எங்கள் நாலாவது மாடியிலிருந்து ஏழு மாடி ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கும்போது, அவரிடம் நறுக்கென்று கேட்க ஒரு வார்த்தையைத் தயார் செய்துகொண்டே போனேன். கதவு திறந்தது. என் கையில் இருந்த பையைக்கூட அவர் பார்க்கவில்லை, "காசு இன்னும் சேரலம்மா" என்றார். உள்ளே பேரப்பிள்ளை ஒன்று வெறும் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தது. தயார் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு, "முட்டை இருக்கு, பார்த்து எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஏமாற்றுகிறவர்களுக்குக் கொடுத்தால் இன்னும் ஏமாற்றுவார்கள் என்று கண்டிப்பாக யாராவது எழுதுவீர்கள். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான், ராத்திரி கூட இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் கிளம்பும்போது இரண்டு பணத்தை (பணம் என்பது அந்தக் காலத்து ஒரு நாணயம்) கொடுத்தது சத்திரக்காரன் கையில். மத்தேயு 20-இல் திராட்சத் தோட்டத்துக் கூலி ஒரு நாளைக்கு ஒரு பணம், அப்படியென்றால் இது இரண்டு நாள் கூலி. மீதியைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். சொத்தை எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் உங்களை ஏமாற்றியவரிடம் மறுபடியும் காசைத் தூக்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவர் பிடிக்கிற கூட்டில் திரும்பப் போய்ச் சேரவும் வேண்டாம். பசிக்கு அரிசி வேறு, கடன் கணக்கு வேறு. ஒன்றைச் சாக்கு வைத்து இன்னொன்றை நிறுத்தினேனே, அந்த இரண்டு நாள்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று, அதே சமயத்தில் ஒரு குழு எங்கள் புளோக்குக்கு வந்து, பொட்டலத்தைக் கையில் கொடுத்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்த அக்கா கதவே திறக்கவில்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அவர் கோயிலுக்குப் போகிறவர், நான் சபைக்குக் கூப்பிடவும் இல்லை. எப்போதாவது 50 வெள்ளி கொடுத்து அனுப்புவார். போன தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு ஒரு 50 வந்தது. நோட்டில் குறித்து வைத்தேன், பாக்கி 2,350.